என்ர பேரில எழுதுங்கோ

அவருடைய பெயரை இங்கே எழுதப் போவதில்லை. உயிரோடு இருந்த காலத்திலேயே தேவைக்கு மேல் எழுதப்பட்டுவிட்ட பெயர் அது. அதில் பாதியை நானே தட்டச்சு செய்திருக்கிறேன். கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஓர் ஒழுங்கையில், காணிப் பத்திரம் எழுதும் எங்கள் நொத்தாரிசு ஐயாவின் கந்தோர் இருந்தது. அங்கே காணி உறுதிகள் தட்டச்சு செய்வதுதான் என் வேலை. யுத்த காலம். வடக்கிலிருந்து சனம் வந்து இறங்க இறங்க, மாமரமும் முற்றமுமாக இருந்த பழைய வீடுகள் இடிபட்டுத் தொடர்மாடிகள் எழும்பின. காணிக்காரர் காணியைக் கொடுப்பார். கட்டுகிறவர் கட்டுவார். காணிக்காரருக்கு இரண்டோ மூன்றோ ஃபிளாட். மிச்சத்தை அத்திவாரம் போடும்போதே லண்டனிலும் ரொரன்ரோவிலும் பாரிசிலும் இருக்கிற எங்கள் ஆட்கள் வாங்கி முடித்துவிடுவார்கள்.

வாங்குவது சுகம். யாருடைய பெயரில் எழுதுவது என்பதில்தான் தலையிடி தொடங்கும். வெளிநாட்டுக் கடவுச்சீட்டு எடுத்தவர் தன் பெயரில் வாங்கினால் வரி குரல்வளையைப் பிடிக்கும். கடவுச்சீட்டு எடுக்காதவர் பாடு அதைவிட மோசம். ஊருக்குத் திரும்பினால் இருக்க இடமில்லை, உயிருக்கு உத்தரவாதமில்லை என்று அங்கே அகதி மனுக் கொடுத்திருப்பவர், வெள்ளவத்தையில் கடல் பார்த்தபடி ஒரு வீடு வாங்கியிருக்கிறேன் என்று காட்ட முடியுமா? ஆகவே இங்கேயே இருக்கிற ஒருவருடைய பெயர் வேண்டும். ஏமாற்றாத ஒருவர், ஆசைப்படாத ஒருவர். வெள்ளவத்தையில் அப்படி ஒருவர் இருக்கிறார் என்ற செய்தி அந்தக் காலத்தில் மூன்று கண்டங்களுக்குப் போயிருந்தது.

அரசாங்கக் களஞ்சியமொன்றில் பொறுப்பாளராக இருந்து முன்கூட்டியே ஓய்வெடுத்தவர். மெலிந்த ஆள். வெள்ளைச் சேர்ட், ரப்பர் செருப்பு, வெயிலோ மழையோ கையில் குடை. முதலில் லண்டனில் இருந்த மச்சான் ஒருவர் கேட்டார். பிறகு மச்சானுடைய சிநேகிதர் கேட்டார். பிறகு யார் யாரோ கேட்டார்கள். எல்லாருக்கும் ஒரே பதில்தான்.

“என்ர பேரில எழுதுங்கோ. பேர்தானே, தேய்ஞ்சா போகப் போகுது?”

நொத்தாரிசு ஐயா சும்மா கையெழுத்து வாங்குகிற ஆள் இல்லை. இந்த வீடு உண்மையில் இன்னாருடையது, இவர் பெயர் மட்டும்தான் கொடுக்கிறார் என்று தனியாக ஒரு பத்திரம் எழுதி வைப்போம் என்று ஒவ்வொரு முறையும் சொல்வார். வாங்குகிறவர்கள் ஒருவரும் சம்மதிக்கவில்லை. அந்தப் பத்திரம் எங்காவது யாருடைய கண்ணிலாவது பட்டால் தங்கள் வழக்குப் போய்விடும் என்று பயம். “பேப்பர் ஒண்டும் வேண்டாம். அண்ணையின்ர வாய்ச்சொல் காணும்” என்பார்கள். அண்ணையும் அதைக் கேட்டுத் தலையைக் குனிந்துகொண்டு சிரிப்பார். அந்தச் சிரிப்பில் ஒரு சின்னப் புளுகம், உள்ளூர ஒரு பெருமை இருந்தது. நான் பார்த்திருக்கிறேன். அவரை வெறும் அப்பாவி என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். நம்பப்படுவதில் அவருக்கு ஒரு ருசி இருந்தது.

கையெழுத்து என்றால் கிறுக்கல் இல்லை. தகப்பன் பெயரும் தன் பெயருமாக, தமிழில், முழுதாக, ஒவ்வோர் எழுத்தாக எழுதுவார். ஐயா கடிகாரத்தைப் பார்த்து இருமுவார். இவர் நிமிரமாட்டார். ஒருமுறை நான் பகிடியாகக் கேட்டேன்.

“அண்ணை, இனி உங்களைத்தான் கலியாணத் தரகர்மார் தேடப்போகினம். வெள்ளவத்தையிலேயே பெரிய சொத்துக்காரர் நீங்கள்தானே?”

“ஓம் பிள்ளை. நல்ல காலம், நான் கட்டியிட்டன்” என்றார்.

பெரிய சொத்துக்காரர் குடியிருந்தது கால்வாய்ப் பக்கம் ஒரு சிங்கள அம்மாவின் வீட்டுப் பின்னறையில். வாடகைக்கு. ஒரு கட்டில், ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு, கட்டிலுக்கு மேலே மனைவியும் மகளும் நிற்கிற படம். மனைவியும் மகளும் கனடாவுக்குப் போய்விட்டார்கள். மூவருக்கும் ஒன்றாகப் போக வசதி இருக்கவில்லை. முதலில் நீங்கள் போங்கோ, நான் பின்னால் வாறன் என்று அனுப்பியவர். மகளுக்கு அப்போது பால்பற்கள் விழுந்து முடியவில்லை.

ஃபிளாட்டுகளின் திறப்புகளை, சாவிகளையெல்லாம், ஒரு பழைய பிஸ்கற் ரின்னில் போட்டுத் துணிப்பைக்குள் வைத்திருப்பார். அவர் ஒழுங்கையில் வருவது ரின் சத்தத்திலேயே தெரிந்துவிடும். சிலவற்றில் வாடகைக்கு ஆட்கள் இருந்தார்கள், வாடகையை வெளிநாட்டுக்காரரின் சொந்தங்கள் வாங்கிக்கொள்வார்கள். சில சும்மா பூட்டிக் கிடந்தன. பூட்டிக் கிடப்பதைத்தான் அவர் பிள்ளைமாதிரிப் பார்த்தார். கடற்காற்று இரும்பைத் தின்றுவிடும். கிழமைக்கு ஒரு தரம் போய் யன்னல்களைத் திறப்பார், கீல்களுக்குத் தேங்காய் எண்ணெய் விடுவார், உள்ளே இருக்கிற ரப்பர் காய்ந்துபோகாமல் பைப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து மூடுவார். ஆனால் அந்தப் பைப்பில் ஒரு மிடறு தண்ணீர் குடிக்கமாட்டார். தன் போத்தலைக் கொண்டுபோவார். குடிப்பதும் நின்றபடிதான்.

ஒரு நாள் அளவு சரிபார்க்க நானும் கூடப் போனேன். கடலுக்கு நேரே இருந்த தொடர்மாடி, ஐந்தாம் மாடி. கரண்ட் இல்லை, லிஃப்ட் வேலை செய்யவில்லை. ஏறி முடிய எனக்கே மூச்சு வாங்கியது. அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார், முகம் வெளிறிப்போயிருந்தது. உள்ளே நல்ல கதிரைகள், பொலித்தீன் உறைகூடக் கழற்றாமல். நான் தொப்பென்று ஒன்றில் உட்கார்ந்துவிட்டேன்.

“அண்ணை, இருங்கோவன் கொஞ்சம்.”

“பரவாயில்லை பிள்ளை.”

“விழப்போறீங்கள். இருங்கோ. உங்கட வீடுதானே, உறுதியிலயே இருக்கு.”

அவர் சிரிக்கவில்லை. “அதாலதான் இருக்கேலாமல் இருக்கு” என்றார். “ஒருக்கால் இருந்தால் பிறகு எழும்ப மனம் வராது. எழும்ப மனம் வராட்டில் என்னை நம்பின ஆக்கள் என்ன செய்யிறது?” கதவுக்கும் குசினிக்கும் நடுவில் ஒரு இடம், அதில் நின்று கடலைப் பார்த்துக்கொண்டு போத்தல் தண்ணீரைக் குடித்தார். பிறகு எல்லா ஃபிளாட்டிலும் கவனித்தேன். எங்குமே ஒரு கதிரையில் இருக்கமாட்டார்.

நகரத்தில் எங்காவது குண்டு வெடித்தால் அடுத்த நாள் அவருக்கு வேலை தொடங்கிவிடும். பொலிஸ் வந்து தமிழ் ஆட்கள் இருக்கிற வீடுகளைச் சோதிக்கும். வாடகைக்கு இருக்கிற பெடியன்களை ஏற்றிக்கொண்டு போகும். வீட்டுச் சொந்தக்காரர் வந்து, இவர்கள் என் வீட்டில்தான் இருக்கிறார்கள், பொலிசில் பதிந்துதான் இருக்கிறார்கள் என்று சொல்ல வேண்டும். சொந்தக்காரர் யார்? உறுதியில் பெயர் உள்ளவர். வாங்கியவர் ரொரன்ரோவில் நித்திரை. இவர் காலையிலேயே ஸ்டேஷன் வாசலில் குடையோடு நிற்பார். ஒரு வீட்டுப் பெடியன்களை விட்டால் அடுத்த வீட்டுப் பெடியன்கள் என்று பின்னேரம்வரை போகும். ஒருமுறை பதிவுத் துண்டுகளோடு நானும் போயிருந்தேன். அங்கிருந்த சார்ஜன்ட் இவரை மேலும் கீழும் பார்த்தார். கடைசியில் செருப்பில் கண் நின்றது.

“மாத்தயா, மே ஒக்கொம கெவல் ஒயாகேத?” இந்த வீடுகள் எல்லாம் உங்களுடையதா என்று கேட்டார்.

“ஒவ்” என்றார் இவர். ஓம் என்பதற்குச் சிங்களம் அவ்வளவுதான்.

சார்ஜன்ட் விழுந்து விழுந்து சிரித்தார். அப்படியென்றால் முதலில் ஒரு சோடிச் சப்பாத்து வாங்குங்கள் என்றார். வாசலுக்கு வந்த பிறகு எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இவர் அந்தப் பெடியன்களில் ஒருவனுக்கு பிளேன்ரீ வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

இனி அவர் நிரப்பிய ஒரு படிவத்தின் கதை. அதை நினைத்தால் எனக்கு இப்போதும் ஆறாது.

கனடாவில் மனைவியின் அகதி வழக்கு ஒருபடியாக வென்றது. கொழும்பிலும் எங்களுக்கு இருக்க ஒரு வீடில்லை, தங்க ஒரு இடமில்லை என்று மனைவி மனுவில் சொல்லியிருந்தார். அது முழு உண்மை. பிறகு கணவனைக் கூப்பிட விண்ணப்பித்தார். இங்கே தூதரகத்தில் இவருக்கு நேர்முகம். போவதற்கு முன் நிரப்பிய படிவத்தில் ஒரு கேள்வி: உமது பெயரில் வீடு, காணி ஏதும் உண்டா? இந்த மனிசன் உண்டு என்று எழுதி, ஒன்று விடாமல் விலாசங்களையும் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். வந்து சாவகாசமாக என்னிடம் சொன்னார்.

“ஏன் அண்ணை எழுதினீங்கள்? இல்லையெண்டு போட்டிருந்தால் ஆருக்குத் தெரியும்?”

“பேர் இருக்குதே பிள்ளை. இருக்கிறதை இல்லையெண்டு எப்பிடி எழுதுறது?”

“சரி, அது வேற ஆக்களின்ர எண்டாவது சொன்னீங்களோ?”

“சொன்னனான். ஆற்ற வீடுகள் எண்டு கேட்டினம். அதைச் சொல்லேலாதெல்லே. அங்க அவையின்ர வழக்கு என்னாகும்?”

ஊரார் தங்கள் வழக்கைக் காப்பாற்ற இவர் பெயரில் ஒளித்த வீடுகள், இவருடைய வழக்கின் தலையில் வந்து இறங்கின. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. அதோடு விடவில்லை. கொழும்பில் வீடே இல்லை என்று சொன்னீர்களே, உங்கள் கணவருக்கு இத்தனை வீடுகள் எப்படி வந்தன என்று மனைவியிடம் விளக்கம் கேட்டார்கள். மனைவியின் வக்கீல் சுருக்கமாகச் சொல்லிவிட்டார்: எல்லா வீடும் அவர் பெயரிலிருந்து போக வேண்டும். போகும்வரைக்கும் அவரைக் கூப்பிடும் பேச்சே எடுக்காதீர்கள், உங்கள் இருப்புக்கும் ஆபத்து.

அன்றிலிருந்து அவருக்கு ஒரே அலுவல். தன் பெயரைத் திருப்பி வாங்குவது. காலி வீதியில் ஒரு கொமியூனிகேஷன் கடை, அங்கே கண்ணாடிப் பெட்டிக்குள் நின்று ஒவ்வொருவருக்கும் போன் எடுப்பார். சில நாட்களில் மதியச் சாப்பாட்டுக்குப் போகிற நான் வெளியே நின்று கேட்பேன்.

“தம்பி, உங்கட வீட்டை உங்கட பேருக்கு மாத்தி எடுத்தால் நல்லது... இல்லை, வேற ஆற்ற பேரெண்டாலும் பரவாயில்லை... ஓம், விளங்குது... ஓம்.”

வெளியே வந்து, “கொஞ்சம் பொறுங்கோ எண்டு சொல்லுறார்” என்பார்.

எல்லாரும் அதையேதான் சொன்னார்கள். ஒருவருக்கு அகதி வழக்கு முடியவேண்டும், கொஞ்சம் பொறுங்கோ. ஒருவருக்கு வரிச் சட்டம் மாறப் போகிறதாம், கொஞ்சம் பொறுங்கோ. இன்னொருவருக்கு மனைவியோடு பிரச்சினை, வீடு இருப்பது அவளுக்குத் தெரியக்கூடாது, கொஞ்சம் பொறுங்கோ. சண்டை முடியட்டும், கொஞ்சம் பொறுங்கோ. உங்களைத் தவிர வேறு யாரை நம்புவது அண்ணை என்று கடைசியில் ஒன்று சேர்த்துக்கொள்வார்கள். உறுதி எழுதுவதென்றால் கொடுக்கிறவர் மட்டும் போதாது, வாங்குகிறவரும் வந்து ஒப்பமிட வேண்டும். வாங்க ஆளில்லாத வீட்டை எங்கே கொண்டுபோய்க் கொடுப்பது? விற்றுவிடலாம். ஆனால் அது களவு. அந்த யோசனையை நான் ஒருமுறை வாய் தவறிச் சொன்னபோது, மூன்று நாள் அவர் கந்தோர்ப் பக்கமே வரவில்லை.

வேல் விழாவுக்கு வந்த லண்டன்காரர் ஒருவர் நேரே கந்தோருக்கு வந்தார். இவருக்கு ஒரு சேர்ட்டும் சொக்கிலேற் பெட்டியும் கொடுத்தார். இவர் தொண்டையைச் செருமிக்கொண்டு விஷயத்தைத் தொடங்கினார். வந்தவர் தோளில் தட்டி, “அண்ணை, அது இருக்கட்டும். இப்ப தெஹிவளையிலயும் ஒண்டு பாத்திருக்கிறன்” என்றார்.

நான் தட்டச்சு இயந்திரத்திலிருந்து கையை எடுத்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்தேன். இல்லை என்று சொல்லுங்கோ, சொல்லுங்கோ என்று மனதுக்குள் கெஞ்சினேன். அவர் சொக்கிலேற் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“எழுதுங்கோ” என்றார். “என்ர பேரிலயே எழுதுங்கோ.”

வந்தவர் போனபிறகு நான் பேசிய பேச்சை இங்கே எழுதமுடியாது. நொத்தாரிசு ஐயாவே எழுந்து வெளியே போய்விட்டார். இவர் பொறுமையாகக் கேட்டார்.

“நான் மாட்டனெண்டால் அந்தாள் வேற ஆரிட்டயும் போகும் பிள்ளை. ஏமாத்திப் போடுவாங்கள்.”

“ஏமாத்தட்டும். உங்கட மகள் என்ன வகுப்புப் படிக்கிறாள் எண்டு தெரியுமோ உங்களுக்கு?”

அவர் குடையை எடுத்துக்கொண்டு போனார். சொக்கிலேற் பெட்டியை என் மேசையில் வைத்துவிட்டுத்தான் போனார். ஒன்றைக்கூட நான் தொடவில்லை, ஐயா வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். அந்த மனிசன் மேல் எனக்கு எவ்வளவு அன்போ அவ்வளவு ஆத்திரமும் இருந்தது. பூட்டின கதவுக்கு வெளியே நிற்கிற ஒருவர், திறப்பெல்லாம் தன் பையிலேயே இருந்தும் அங்கேயே நிற்பாரென்றால் என்ன செய்வது?

மகளிடமிருந்து வரும் போன் குறைந்துகொண்டே போனது. முதலில் கிழமைக்கொருக்கால், பிறகு பிறந்தநாளுக்கு. பிறகு மனைவி மட்டும் கதைத்தார். அந்த வீடுகளை விட்டுவிட்டு வரமாட்டீர்களா என்று கேட்டாராம். என்னுடையது இல்லை என்று இவர் சொன்னாராம். அப்படியென்றால் விடுவதற்கு என்ன கஷ்டம் என்று அவர் கேட்டாராம். “அவ கேக்கிறது சரிதான்” என்று என்னிடம் சொன்னார்.

அந்த ஐந்தாம் மாடிப் படியிலேயேதான் விழுந்தார். கையில் எண்ணெய்ப் போத்தல். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியில் முடிந்துவிட்டது. சண்டை இன்னும் முடிந்திருக்கவில்லை. செத்தவீட்டுக்கு வந்தது அந்தச் சிங்கள அம்மா, நொத்தாரிசு ஐயா, நான், ஸ்டேஷனிலிருந்து அவர் எடுத்துவிட்ட பெடியன்களில் சிலர். ஐயாதான் கொள்ளி வைத்தார்.

எட்டாம் நாள் எட்டுச் செலவு முடியமுன் கந்தோர் போன் அடிக்கத் தொடங்கியது. லண்டன், பாரிஸ், ரொரன்ரோ. எல்லாரும் முதலில் அழுதார்கள். அழுது முடித்துவிட்டு, அந்த மச்சான் ஒருவரைத் தவிர, எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்.

“அண்ணைக்கு மனிசி பிள்ளையள் இருக்கினமோ?”

அத்தனை வருடமாக ஒருவரும் கேட்டிராத கேள்வி. நம்பிய ஆளைப் பற்றி அதைக்கூடத் தெரிந்துவைத்திருக்கவில்லை. இருக்கிறார்கள், சட்டப்படி இனி எல்லா வீடும் அவர்களுக்குத்தான் என்று நான் சொன்னதும், கொஞ்சம் பொறுங்கோ என்ற அதே ஆட்கள் தங்களுக்காக இங்கே ஒப்பமிட ஆளைத் தேடிப் பிடித்துவிட்டார்கள்.

மகள் தனியாக வந்தாள். வளர்ந்த பெண், தகப்பனின் அதே குறுகிய தோள்கள். தமிழ் தட்டுத்தடுமாறித்தான் வந்தது. தாயும் எழுதிக் கொடுத்திருந்தார், யாருடையதோ அவர்களுக்கே எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்துவிடச் சொல்லி. உறுதிகளை ஒவ்வொன்றாக மேசையில் வைத்தேன். எல்லாவற்றின் அடியிலும் அந்தப் பெயர், தமிழில், முழுதாக. அவள் விரலால் அதைத் தடவிப் பார்த்தாள்.

“அப்பாவுக்கு வீடுகள்தான் பெரிசு எண்டு நான் நினைச்சிருந்தனான் அக்கா. எனக்கு ஒரு வீட்டைக் காட்டுறீங்களா? அவருக்குப் பிடிச்ச வீடு.”

எந்த வீட்டைக் காட்டுவது? அந்த ஐந்தாம் மாடிக்கே கூட்டிக்கொண்டு போனேன். பிஸ்கற் ரின்னிலிருந்து திறப்பை அவளே எடுத்தாள். கீல் சத்தமே போடாமல் கதவு திறந்தது. கதிரைகளில் பொலித்தீன் உறை அப்படியே இருந்தது, அதன்மேல் தூசு.

அவள் ஒவ்வொரு கதிரையாகப் பார்த்தாள். “அப்பா இதில எதில இருப்பார்?” என்று கேட்டாள்.

“அவர் இருக்கிறேல்ல பிள்ளை” என்றேன்.

“அப்ப?”

கதவுக்கும் குசினிக்கும் நடுவில் இருந்த அந்த இடத்தைக் காட்டினேன். அதில் நின்று பார்த்தாள். அங்கிருந்து கடல் தெரிந்தது, அதற்கு முன்னால் ரயில் பாதை. கொஞ்ச நேரம் கழித்து ஒரு கதிரையை இழுத்துக்கொண்டு வந்து சரியாக அந்த இடத்தில் போட்டாள். பொலித்தீனைக் கிழித்தெறிந்தாள். இருந்தாள். இருந்துகொண்டுதான் அழுதாள்.

என் கைப்பைக்குள் போன் அடித்தது. தெஹிவளையில் ஒன்று பார்த்திருந்த அந்த லண்டன்காரர். மகள் வந்துவிட்டாளாமே, எப்போது கையெழுத்து வைப்பாள் என்று கேட்டார். நான் போனைப் பொத்திக்கொண்டு அவளைப் பார்த்தேன்.

“நாளைக்கு வைக்கிறன் அக்கா, எல்லாத்திலயும்” என்றாள். “இண்டைக்கு நான் இதில கொஞ்ச நேரம் இருக்கப் போறன்.”

நான் போனைக் காதில் வைத்தேன். இத்தனை வருடமும் அந்தக் கண்ணாடிப் பெட்டிக்கு வெளியே நின்று கேட்ட சொல் என் வாயில் தயாராக இருந்தது.

“கொஞ்சம் பொறுங்கோ” என்று சொல்லிவிட்டு, போனை நிறுத்திப் பைக்குள் போட்டேன்.